கடைசியில் வந்த கிளாத்தி

உறவில் ஒரு திருமணத்துக்காக நாகர்கோவில் போயிருந்தேன். முகூர்த்தத்துக்கு மறுநாள் காலையில் சும்மா குளச்சல் வரை போனேன். மீன் ஏலம் முடிகிற நேரம். சாளையும் அயலையும் நெத்தலியும் கூடை கூடையாகக் கைமாறிக்கொண்டிருந்தன. ஓரத்தில், அப்போதுதான் ஒரு வள்ளத்திலிருந்து இறக்கிய குவியல் ஒன்று கருநீலமாக மினுங்கிக் கிடந்தது. கிட்டே போய்க் குனிந்தேன். பிறை வடிவ வால், தட்டையான உடம்பு, சின்ன வாய், வாய்க்குள் சிவந்த பற்கள். மேலே கிடந்த ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. முதுகு முள்ளை நிமிர்த்தி வைத்துக்கொண்டு "குர்ர்... குர்ர்..." என்று சத்தம் போட்டது.

"கிளாத்தி மக்ளே. தோலை உரிச்சாத்தான் கறிக்கு ஆவும். உரிச்சுத் தரட்டா?" என்று குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. செவுளுக்குப் பின்னால் உள்ள தடித்த செதில்களில் மார்புத் துடுப்பைத் தேய்த்து இந்த மீன் எழுப்புகிற ஓசை அது. உள்ளே இருக்கிற காற்றுப்பை அதைப் பெருக்கிக் கொடுக்கும். அயனாவரத்தில் என் சித்தப்பா வீட்டுக் கூடத்தில், நள்ளிரவில், விளக்கெல்லாம் அணைத்த பிறகு அதைக் கேட்டிருக்கிறேன். சென்னைக் கடைகளில் அந்த மீனுக்கு 'நைஜர் ட்ரிக்கர்' என்று பெயர். குமரிக் கரையில் குவியலாக விற்கிற கிளாத்தியைச் சித்தப்பா ஒற்றை மீனாக, ஒரு மாதச் சீட்டுப் பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தார்.

சித்தப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்தவர். மீன் பைத்தியம் அவருக்குச் சின்ன வயதிலேயே உண்டு. மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். பழைய புத்தகக் கடைகளைத் தாண்டிப் போனால் கிளி, புறா, முயல், அதற்கும் அப்பால் கண்ணாடி ஜாடிகளில் ஃபைட்டர் மீன்கள். ஒரு ஜாடிக்கும் இன்னொரு ஜாடிக்கும் நடுவே அட்டையைச் செருகி வைத்திருப்பார்கள். அட்டையை எடுத்தால் இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் முட்டும். "பாத்தியா, ரெண்டு பேரும் நல்லவங்கதான். பக்கத்து பக்கத்துல வெச்சதுதான் தப்பு" என்பார். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. மீன் வியாபாரம் பல பக்கமாகச் சிதறியது. எங்களுக்குப் பக்கத்திலிருந்த கொளத்தூர் மெல்ல மெல்ல வண்ண மீன்களின் ஊராகிப் பெரிதாக வளர்ந்தது. தெருவுக்குத் தெரு சிமென்ட் தொட்டி, மொட்டை மாடியில் தொட்டி, மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் தொட்டி. அங்கே ஒரு கடையில்தான் கடல் மீனைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதன்முதலில் பார்த்தோம். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் நன்னீர் மீன்களையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

"மீன் வளக்கறதுக்கு முன்னாடி தண்ணி வளக்கணும்டா" என்பதுதான் கடைக்கார அண்ணன் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சித்தப்பா அதை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். பன்னிரண்டு மில்லிமீட்டர் கண்ணாடி. நிரப்பினால் கிட்டத்தட்ட 680 லிட்டர் பிடிக்கும். தண்ணீரின் எடையே முக்கால் டன்னை நெருங்கும். அதற்கான இரும்பு ஸ்டாண்டை அவரே வெல்டிங் வைத்தார். கூடத்தில் அது வந்து உட்கார்ந்ததும் சோபாவை விற்க வேண்டியதாயிற்று. சித்தி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

உப்புப் பொட்டலம் வாங்கிக் கலக்குகிற வழக்கமெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. கடல் தண்ணீர் கடலில்தான் இருந்தது. மெரினா பக்கம் எடுக்கக் கூடாது. கூவம் கலக்கிற இடம். கோவளத்தில் கட்டுமரம் வைத்திருந்த ஒருவரைச் சித்தப்பா பிடித்து வைத்திருந்தார். அலை முறிகிற இடத்தைத் தாண்டி உள்ளே போய், தெளிந்த தண்ணீரை முப்பத்தைந்து லிட்டர் கேன்களில் அவர் மொண்டு வருவார். நாங்கள் விடியற்காலை டெம்போவில் போய்க் காத்திருப்போம். புரட்டாசி முடிவதற்குள் பெரிய சேமிப்பை முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் கரையோரக் கடலில் கலந்து உப்பு குறைந்துவிடும்; சேறும் வரும். கொண்டுவந்த தண்ணீரைப் பருத்தித் துணியில் வடிகட்டி, பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றி, கறுப்புத் துணி போட்டு மூடி வாரக்கணக்கில் வைப்போம். கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் அடங்கி அடியில் படியும். மேல் தண்ணீரை மட்டும் எடுத்து உப்பை அளக்க ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்போம். 1.023-க்கும் 1.025-க்கும் நடுவில் அளவு நின்றால்தான் சித்தப்பா முகத்தில் சிரிப்பு வரும்.

அதற்குப் பிறகும் மீன் இல்லை. ஓட்டோடு ஒரு இறாலைத் துணியில் கட்டித் தொட்டிக்குள் போட்டார். இறால் அழுகும், அழுகினால் அம்மோனியா வரும். அந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்குகிற பாக்டீரியா முதலில் வளரும், அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்குகிற இன்னொன்று பிறகு வளரும். நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். முதல் இரண்டும் பூஜ்யம் ஆகிற வரை ஒரு மீனையும் விடக் கூடாது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து "இன்னும் மீன் வாங்கலியா சார்?" என்று கேட்பார்கள். ஆறடி நீள வெறும் தண்ணீருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு அவர் தினமும் மாலையில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பொறுமையை வேறு எந்த மனிதரிடமும் நான் பார்த்ததில்லை.

கல்லும் அவரே செய்ததுதான். அப்போதெல்லாம் மீன் கடைகளில் வெள்ளைப் பவளத்தை அலங்காரத்துக்கென்று வெளிப்படையாகவே தொங்கவிட்டிருப்பார்கள். ராமேசுவரத்துக்குப் போனவர்கள் ஊருக்குத் திரும்பும்போது ஆளுக்கொன்று வாங்கி வந்து ஷோகேஸில் வைப்பார்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் சிமென்டுக்காகவும் பவளப் பாறையைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்த காலம் ஒன்று உண்டு. மண்டபம் பக்கம் கரையில் அப்படிக் குவித்து வைத்திருந்ததைச் சித்தப்பா நேரில் பார்த்திருக்கிறார். "அது கல்லு இல்லடா, ஊரு" என்று சொல்லி, ஒரு துண்டுகூட வீட்டுக்குள் வரக் கூடாது என்றுவிட்டார். சிமென்டையும் உடைத்த கிளிஞ்சலையும் குழைத்து, உப்புப் படுகையில் வார்த்து, குகை குகையாகக் கல் செய்தார். காரம் இறங்கும்வரை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு மாற்றிக்கொண்டே இருந்தார். 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்து, எடுப்பதும் விற்பதும் குற்றமானபோது, கடல் தொட்டி வைத்திருந்த பலர் என்ன செய்வது என்று அவரிடம்தான் வந்து கேட்டார்கள். சிமென்ட் கல் வார்ப்பது எப்படி என்று மொட்டை மாடியில் வகுப்பே நடந்தது.

கிளாத்தி வளர்ப்பதில் இருக்கிற வித்தையில் பெரும்பகுதி ஒரே ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது: யாரை முதலில் விடுவது, யாரைக் கடைசியில் விடுவது. நாங்கள் ஆசைப்பட்டதெல்லாம் கிளாத்திக்குத்தான். ஆனால் அதை வாங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முதலில் வந்தவை ஓரா இரண்டு. தொட்டியில் வளர்கிற பாசியை மேய்ந்துகொண்டு தன் வழியில் போகிற மீன். ஆனால் முதுகு முள்ளில் விஷம் உண்டு என்பதால் யாரும் அதனிடம் வாலாட்ட மாட்டார்கள். ராமேசுவரம் பக்கம் பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கிற கஞ்சிப்பாசியைக் காயவைத்து ஒருவர் கொண்டுவந்து கொடுப்பார். அதை ஊறவைத்துக் கல்லில் கட்டிவிட்டால் ஓராக்களுக்குக் கொண்டாட்டம். பிறகு நீல வளையம் போட்ட ஏஞ்சல் ஒன்று வந்தது. அது குஞ்சாக வந்தபோது வெள்ளையும் நீலமுமாக நெடுக்குக் கோடுகள். வளர வளர அந்தக் கோடெல்லாம் மறைந்து, பழுப்பு உடம்பில் வளைந்த நீல வரிகளும் தோளுக்கு மேல் ஒரு வளையமும் தெளிந்து வந்தன. மூன்றாவதாக, கறுப்பும் வெளுப்பும் கலந்த சின்ன அஞ்சாளை. பெரிய அஞ்சாளை இனங்களுக்கு உள்ள கோரைப் பல் இதற்கு இல்லை. நண்டு நொறுக்க மொட்டைப் பல்தான். மீன்களைத் தொந்தரவு செய்யாது. ஆனால் மூடியில் விரல் நுழைகிற சந்து இருந்தாலும் ஏறி வெளியே விழுந்துவிடும். சித்தப்பா மூடிக்கு நான்கு மூலையிலும் கொக்கி வைத்தார்.

இவர்கள் எல்லாம் தங்கள் குகை எது, தங்கள் மூலை எது என்று தீர்மானித்துக்கொண்ட பிறகே கிளாத்தி வந்தது. காரணம் எளிது. ஒண்டுக்குடித்தன வீட்டில் கடைசியில் குடிவந்தவர் குழாயடியில் கொஞ்ச நாளைக்குக் குரலை உயர்த்த மாட்டார், அவ்வளவுதான். அதே கிளாத்தியை முதலில் விட்டிருந்தால் ஆறடியும் தனக்கே என்று எழுதி வைத்துக்கொண்டிருக்கும். கிளாத்தியை விடுகிற அன்று காலையில் கற்களையும் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தார் சித்தப்பா. பழைய மீன்களும் அன்று புது வீட்டுக்குள் வந்தவையாகிவிட்டதால், யாருக்கும் வந்தவனைத் துரத்த நேரமில்லை.

எந்தக் கிளாத்தி என்பதும் முக்கியம். கிளாத்திக் குடும்பத்தில் சுமார் நாற்பது வகை உண்டு. நடுத்தண்ணீரில் கூட்டமாக நின்று, ஓட்டத்தில் மிதந்து வருகிற நுண்ணுயிரைத் தின்று வாழ்கிறவை ஒரு ரகம். எங்கள் கருநீலக் கிளாத்தியும், ஆணுக்குக் கழுத்தடியில் நீலம் பூசியிருக்கும் நீலத்தொண்டைக் கிளாத்தியும் அந்த ரகம். அவற்றுக்குத் தரையில் காக்க வேண்டிய சொத்து கம்மி. அதனால் சண்டையும் கம்மி. இன்னொரு ரகம் பாறையடியில் ஓர் எல்லையைப் பிடித்துக்கொண்டு நண்டு, சங்கு, கடல் முள்ளெலி என்று நொறுக்கித் தின்கிறவை. ஆரஞ்சு வரிக் கிளாத்தி, வயிற்றில் பெரிய வெள்ளை வட்டங்கள் கொண்ட கோமாளிக் கிளாத்தி எல்லாம் அப்படி. ஹவாயின் மாநில மீனும் ஒரு கிளாத்திதான். அதுவும் தரையில் எல்லை பிடிக்கிற சாதிதான். கூடு காக்கிற பெரிய டைட்டன் கிளாத்தி, தன்னைவிடப் பல மடங்கு பெரிய முக்குளிப்பவர்களையே துரத்திக் கடிக்கும். கடலில் அது நியாயம். அங்கே துரத்தப்பட்டவருக்கு ஓட இடமிருக்கிறது.

ஓட இடமில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை இரண்டு வீடுகளில் பார்த்தேன். சித்தப்பாவோடு வேலை செய்த ஒருவர் வில்லிவாக்கத்தில் நான்கடித் தொட்டி வைத்திருந்தார். பச்சை உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள் ஓடுகிற கிளாத்தியின் அழகில் மயங்கி அதை முதலில் விட்டு, பிறகு ஒவ்வொரு சம்பள நாளுக்கும் ஒரு மீனாகச் சேர்த்தார். சேர்த்த ஒவ்வொன்றும் காலையில் வாலில்லாமல் கிடந்தது. சிங்க மீனின் விசிறித் துடுப்புகள் முழுக்கக் கடிபட்டுப்போன நிலையில் அதை வாளியில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார், பிழைக்கவில்லை. இன்னொரு வீடு அண்ணா நகரில். அங்கே கோமாளிக் கிளாத்தி, எட்டணா அளவில் வந்தது. வருடக்கணக்கில் பரம சாது. எல்லாரும் அதைப் பார்க்கவே அந்த வீட்டுக்குப் போவோம். உள்ளங்கையைவிடப் பெரிதான பிறகு, ஒரு வாரத்தில், கூட இருந்த களவாவையும் ஏஞ்சலையும் கடித்துக் குதறிவிட்டது. அரையடித் தொட்டியில் வைத்து விற்கிற அந்த மீன் கடலில் ஒன்றரை அடிக்கு மேல் வளரும் என்று விற்கும்போது யாரும் சொல்லவில்லை. மீனின் மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை.

எங்கள் கிளாத்தி வந்த முதல் சில நாள் கண்ணிலேயே படவில்லை. கல் குகைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, பிறை வாலின் இரண்டு முனைகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு தெரிந்துகொண்டோம், அது தூங்குகிற விதமே அப்படித்தான். முதல் முறை அதைப் பார்த்த சித்தி செத்துவிட்டது என்று நினைத்து என்னைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். மெல்ல வெளியே வந்தபோது கூடமே நிறம் மாறியது. மற்ற மீன்கள் வாலை ஆட்டி நீந்தும். கிளாத்தியோ வாலை அசைக்காமல், முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் மட்டும் ஒரே நேரத்தில் அலையலையாக நெளிய, நின்ற வாக்கில் முன்னே போகும், பின்னே வரும். கண்கள் வாய்க்கு வெகு தூரம் பின்னால், உச்சியில் இருக்கும். இரண்டும் தனித்தனியாகச் சுழலும். ஒரு கண் சித்தப்பாவின் கையிலுள்ள டப்பாவைப் பார்க்கும்போது இன்னொரு கண் அஞ்சாளையின் குகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கண் ஏன் அவ்வளவு பின்னால் என்று ஒரு நாள் எனக்கே புரிந்தது. முள்ளெலி தின்கிற கிளாத்தி இனங்கள் அதன் நீண்ட முட்களுக்கு நடுவே வாயைக் கொண்டுபோக வேண்டும். கண் முன்னால் இருந்தால் குத்திவிடும். வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி முள்ளெலியைப் புரட்டிப்போட்டு, முள் குறைந்த அடிப்பக்கத்தில் கடிக்கும். எங்கள் தொட்டியில் முள்ளெலி இல்லை. ஆனால் சித்தப்பா ஓட்டோடு போட்ட மட்டியை அது என்ன செய்தது என்று முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு தலைகீழாக நின்று மணலில் தண்ணீரை ஊதியது. மட்டி புரண்டது. இன்னும் ஒரு முறை ஊதியது. ஓட்டின் இணைப்பு மேலே வந்ததும் அந்த இடத்தைப் பற்களால் பிடித்து, விட்டு, திருப்பி, மறுபடி பிடித்து, 'டக்' என்று ஒரே கடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்டது. சதையை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் ஓராக்கள் வந்து மிச்சத்தைப் பொறுக்கின. கிளாத்தியின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். மெத்தென்ற தீனியே போட்டால் பல் தேயாமல் வாயை மூட முடியாமல் போகும் என்பதால், ஓட்டோடு இறாலும் மட்டியும் வாரத்தில் பல நாள் கட்டாயம். மார்க்கெட்டில் மீன்காரம்மா பொடி இறாலைத் தனியாக எடுத்து வைப்பார். "உங்க வூட்டு மாப்பிள்ளைக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பார்.

கிளாத்தி ஒயரைக் கடிக்கும் என்பதால் எல்லா ஒயரையும் பி.வி.சி. குழாய்க்குள் செலுத்தியிருந்தார் சித்தப்பா. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு, அலங்கார இறால், கடல் குதிரை ஆகியவற்றைப் பற்றி நினைக்கவே கூடாது. முதல் இரண்டும் அதற்குச் சாப்பாடு, மூன்றாவது சட்டப்படியே வீட்டில் வைக்கக் கூடாதது. நிறையத் தின்கிற மீன் நிறையக் கழிக்கவும் செய்யும். அதனால் கழிவை நுரையாக வெளியேற்றுகிற ஸ்கிம்மர் பெரிதாக வேண்டும். அதையும் குழாயிலும் அக்ரிலிக்கிலும் அவரே செய்தார். நுரையோடு பழுப்புத் தண்ணீர் மேலே வந்து கோப்பையில் விழும்போது, "பாரு, தொட்டி மூக்கு சிந்துது" என்று குழந்தைகளுக்குக் காட்டுவார்.

கிளாத்தி முள்ளின் பூட்டை நான் கண்ணால் பார்த்தது, தொட்டியின் ஒரு மூலையில் சிலிக்கான் பிரிந்து ஒழுகத் தொடங்கிய அன்று. எல்லா மீன்களையும் டிரம்முக்கு மாற்ற வேண்டும். மற்றவை வந்துவிட்டன. கிளாத்தி ஓடிப்போய்த் தன் குகைக்குள் புகுந்து முதுகின் முதல் முள்ளை நிமிர்த்திக்கொண்டது. இழுத்தால் வராது, தள்ளினாலும் போகாது. கடலில் பெரிய மீன் துரத்தும்போது பாறைச் சந்தில் இப்படித்தான் தன்னைப் பூட்டிக்கொள்ளும். சித்தப்பா கல்லோடு அதை வாளித் தண்ணீருக்குள் தூக்கி வைத்தார். தடித்த தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, "கிட்ட வா, இதப் பாரு" என்றார். முதல் முள் பெரிது, சொரசொரப்பானது. எவ்வளவு அழுத்தினாலும் மடங்கவில்லை. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிற இரண்டாவது முள் சின்னது. அதைச் சுண்டுவிரல் நுனியால் அவர் லேசாகப் பின்னுக்குத் தள்ளினார். பெரிய முள் உடனே படுத்துக்கொண்டது. மீன் வழுக்கி வெளியே வந்தது. வரும்போதே "குர்ர்" என்று திட்டியது. வலையில் பிடித்தால் அந்த முள் சிக்கி மீன் காயப்படும் என்று, எப்போதும் பிளாஸ்டிக் டப்பாவால் தண்ணீரோடு சேர்த்துத்தான் மொள்ளுவார். நான் பார்த்த கடைகளில் பாதிப் பேர் இன்றும் வலையைத்தான் விடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிட்டு வருகிறேன்.

சென்னையில் கடல் தொட்டிக்கு ஹீட்டர் தேவையில்லை, வெயில்தான் எமன். தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் கூடத்துத் தண்ணீர் 31-ஐத் தொட்டுவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படும். தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லரின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்த சித்தப்பா, தண்ணீரின் மேற்பரப்பில் படுகிற மாதிரி இரண்டு டேபிள் ஃபேன்களைக் கட்டினார். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஆவியானதற்கு ஈடாகப் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றுவோம். சித்தி ஃப்ரீசரில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்திருப்பார். மூடியோடு அவற்றை மிதக்கவிடுவோம்.

ஓர் ஐப்பசி இரவில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. பேட்டரியில் ஓடும் சின்ன ஏரேட்டர் நடுராத்திரி வரை தாங்கியது, பிறகு நின்றுவிட்டது. சித்தப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, ஸ்டூலில் ஏறி, ஒரு மக்கை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றத் தொடங்கினார். காற்று கலக்க வேறு வழியில்லை. கை ஓய்ந்தபோது நான் ஏறினேன். பிறகு சித்தி. மாடிப் போர்ஷன் அண்ணன் டார்ச்சோடு இறங்கி வந்து, என்ன என்று கேட்டுவிட்டு, பேசாமல் மக்கை வாங்கிக்கொண்டார். எதிர்வீட்டு அக்கா இஞ்சி டீ போட்டுக் கொண்டுவந்தார். ஏஞ்சல் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. கிளாத்தியும் அஞ்சாளையும் ஒரே குகையில் பக்கத்துப் பக்கத்தில் அசையாமல் கிடந்தன. பகலில் ஒன்றையொன்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறவை. பால்காரர் வருகிற நேரத்தில்தான் மின்சாரம் வந்தது. ஒரு மீனும் சாகவில்லை. அந்தத் தெருவில் இப்போது யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்போது எல்லார் கையும் அந்தத் தண்ணீரில் பட்டிருந்தது.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது எங்களிடம் டிரம்மில் சேமித்த தண்ணீர் இருந்தது. கோவளத்துக்காரரின் கட்டுமரமும் வலையும் போய்விட்டன, ஆள் பிழைத்துக்கொண்டார். சித்தப்பா அரிசி மூட்டையோடும் துணிமணியோடும் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீரைப் பற்றி அவரிடம் வெகு காலம் பேச்சே எடுக்கவில்லை. இருப்பு தீர்ந்தபோது கடைக்கார அண்ணன் வெளிநாட்டு உப்புப் பொடியைக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கடல் பையில் வரத் தொடங்கியது. பிறகு அந்தப் படகுக்காரர் புதுப் படகு வாங்கி, முதல் நாள் தானாகவே இரண்டு கேன் தண்ணீரோடு பஸ் பிடித்து அயனாவரம் வந்து நின்றார். சித்தப்பா அந்தத் தண்ணீரை வாங்கித் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் அவரைச் சாப்பிட உட்கார வைத்தார்.

கருநீலக் கிளாத்தி பத்து வருடத்துக்கு மேல் அந்தத் தொட்டியில் வாழ்ந்தது. சித்தப்பா ஷிஃப்ட் முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கண்ணாடி முனைக்கு வந்து நிற்கும். மற்ற யார் வந்தாலும் அசையாது. ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டிலேயே இருந்ததால், அந்தப் பழைய நேரத்துக்கு அது வந்து நின்றுவிட்டு, அவர் ஏற்கெனவே ஸ்டூலில் இருப்பதைப் பார்த்துக் குகைக்குத் திரும்பும். கடைசியில் ஒரு மாசி மாதத்தில் தீனியைக் குறைத்து, நிறம் வெளுத்து, தூங்குகிற இடத்திலேயே போய்ச் சேர்ந்தது. ஓராக்களும் ஏஞ்சலும் அதற்குப் பிறகும் இருந்தன. இன்னொரு கிளாத்தி வாங்குங்கள் என்று எல்லாரும் சொன்னோம். "இந்த வயசுல வாங்கினா, எனக்கு அப்புறம் அத யாருடா பாப்பாங்க?" என்று கேட்டு மறுத்துவிட்டார்.

இன்று எல்லாம் கைக்கு எளிதாகிவிட்டது. நீல எல்.இ.டி. விளக்கு, செல்போனில் ஓடுகிற மோட்டார், வீட்டுக்கே வந்து இறங்குகிற சில்லர். நெமோ மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கிற நுட்பத்தை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிக் கொடுத்ததால், கடலில் கை வைக்காமலே அவற்றை வளர்க்க வழியிருக்கிறது. கிளாத்தி விஷயம் அப்படியில்லை. கடையில் நீங்கள் பார்க்கிற கிளாத்தி அநேகமாகக் கடலிலிருந்து பிடித்து வந்ததுதான். அதனால் கொளத்தூர் பக்கம் போகும்போது, விரல் நகமளவு கோமாளிக் கிளாத்தி ஒன்று கண்ணாடியில் வந்து உங்களைப் பார்த்தால், வீட்டில் ஆறடித் தொட்டி இல்லாதவர்கள் தயவுசெய்து பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். தொட்டி இருக்கிறவர்கள் கருநீலத்தையோ நீலத்தொண்டையையோ கேளுங்கள். மற்ற எல்லா மீன்களையும் குடிவைத்து முடித்த பிறகு கேளுங்கள். கடையிலேயே ஓர் இறாலைப் போடச் சொல்லி, அது சாப்பிடுவதை நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வலையை ஓரமாக வைத்துவிட்டு டப்பாவில் மொண்டு தரச் சொல்லுங்கள்.